உக்கிராண அறையில் ஒளிந்த மாதா

பாட்டிக்குத் தெரிந்த ஸ்லோகம் பேத்தியிடம் வந்து சேர்வதற்குள் எத்தனை எழுத்துக்கள் உருமாறிவிடுகின்றன, கவனித்திருக்கிறீர்களா? இரண்டு தலைமுறைக்கே இந்தக் கதி. கோயில் இல்லை, குரு இல்லை, வாய்விட்டுச் சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் தலை தப்பாது என்ற நிலையில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பிரார்த்தனையைக் காப்பாற்றுவதென்றால் சாமான்யமா? ஜப்பானில் நாகசாகிப் பக்கத்துக் குடியானவர்களும் மீனவர்களும் காப்பாற்றினார்கள்.

இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் நம்முடைய கடற்கரையும் வருகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாய்ப் போய்ச் சிறுவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்டு 15-ந்தேதி ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். அங்கேயும் வாய்ப்பாடம்தான். அது எவ்வளவு பெரிய காரியமாக முடியப்போகிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

அடுத்த அரை நூற்றாண்டில் மதம் வேகமாகப் பரவிற்று. ஆட்சியாளர்களுக்குச் சந்தேகம் பிறந்தது. பாதிரிகளுக்குப் பின்னாலேயே அந்நியப் படை வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614-ல் தேசம் முழுவதும் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை வந்தது. 1640-களில் கடைசிப் பாதிரியாரும் பிடிபட்டுப் போனார்.

அதற்கப்புறம் மிஞ்சியது வீடுதான்.

ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். ஐந்து வீடுகளுக்கு ஒரு கட்டு. ஒருவர் குற்றம் செய்தால் மற்றவர்களும் பதில் சொல்ல வேண்டும். காட்டிக் கொடுப்பவர்களுக்கு வெகுமதி. நாகசாகியில் புது வருஷம் பிறந்தால் இன்னொரு சோதனை. மாதாவின் உருவமோ இயேசுவின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து, வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் மிதிக்க வேண்டும். நோயாளிக்கும் விலக்கில்லை, கைக்குழந்தைக்கும் விலக்கில்லை. குழந்தையின் பிஞ்சுக் காலைப் பிடித்து அந்தத் தகட்டின் மேல் வைத்தவள் அதைப் பெற்றவள்தான்! மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பாவத்துக்காக மனம் வருந்தும் செபத்தைச் சொல்வார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் மிதிப்பார்கள். மிதிக்க மறுத்து உயிர் விட்டவர்களைத்தான் நாம் வீரர்கள் என்கிறோம். ஆனால் மிதித்துவிட்டு அழுதவர்கள் இல்லையானால், அந்தச் செபத்தைச் சொல்ல ஒரு நாக்குக்கூட மிச்சமிருந்திராது.

சீனாவிலிருந்து வெள்ளைப் பீங்கானில் கன்னான் என்ற கருணைத் தேவதையின் பொம்மைகள் விற்பனைக்கு வரும். மடியில் குழந்தையோடு இருக்கும் பொம்மையாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். சோதனைக்கு வருகிற அதிகாரிக்கு அது கன்னான், வீட்டுக்காரிக்கு மரியா. இகிட்சுகி என்ற தீவில், கிமோனோ உடுத்திய மாதா குழந்தையை ஏந்தி நிற்கும் படச்சுருளை உள்ளே உக்கிராண அறையில் மறைத்து வைத்தார்கள். அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் எங்கே போவது? பச்சை மீன் துண்டும் அரிசி மதுவும் படையலாயின. பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்துச் சொல்ல ஊரில் ஒருவர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். லத்தீன் செபத்துக்கு 'ஒராஷோ' என்று பெயர் மருவிற்று. அர்த்தம் தேய்ந்துபோய் ஓசை மட்டும் நின்றது. சங்கீத ஆராய்ச்சியாளரான தட்சுவோ மினகாவா பிற்காலத்தில் தேடிப் பார்த்தபோது, இந்தத் தீவுவாசிகள் முணுமுணுத்து வந்த ஒரு பாட்டின் மூல மெட்டு ஸ்பெயின் தேசத்து நூலகம் ஒன்றின் பழைய சுவடியில் அகப்பட்டது!

மாதா எங்கே?

ஜப்பான் மறுபடியும் கதவைத் திறந்தது. அங்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் வழிபடுவதற்காக நாகசாகியின் ஓவுரா மேட்டில் ஒரு கோயில் எழுந்தது. 1865 மார்ச் 17-ந்தேதி, நடுப்பகல். உரகாமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்ப்பவர்களைப் போல் உள்ளே வந்தார்கள். பெட்டிஜான் பாதிரியார் முழந்தாளிட்டுச் செபித்துக் கொண்டிருந்தார். ஒரு ஸ்திரீ அவர் பக்கத்தில் வந்து, மார்பில் கை வைத்து, தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றுதான் என்று காதோடு காதாகச் சொன்னாள். அடுத்தபடியாக அவள் கேட்டது, மாதாவின் சொரூபம் எங்கே இருக்கிறதென்று. அவள் பெயர் இசபெலினா யூரி என்கிறார்கள். பாதிரியார் சொரூபத்தைக் காட்டினார். கையில் குழந்தை இருப்பதைப் பார்த்ததும், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன மாதா இவளேதான் என்று அந்தப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது.

தடை அப்போதும் நீங்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இனிமேல் பௌத்தச் சடங்கோடு சவ அடக்கம் செய்யமாட்டோம் என்று உரகாமிக்காரர்கள் துணிந்து சொன்னார்கள். 1867-ல் கைதுகள் ஆரம்பமாயின. சுமார் 3,400 பேரைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நாடு கடத்தினார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவே இல்லை. 1873-ல் தடை விலகியது. திரும்பி வந்தவர்களில் இவானாகா மாக்கி என்ற இளம்பெண், மறுவருஷம் ஊரில் சீதபேதி பரவியபோது, தோழியர் சிலருடன் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் புறப்பட்டாள். அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்க்கவும் தொடங்கினாள். எந்த வீட்டில் வருஷந்தோறும் மாதாவை மிதிக்கச் செய்தார்களோ, அந்தக் கிராமத் தலைவரின் மனையையே விலைக்கு வாங்கி, அங்கே பெரிய கோயில் கட்டினார்கள். அது 1914-ல் முடிந்தது. 1945 ஆகஸ்டு 9-ல் அணுகுண்டுக்கு இரையாயிற்று. 1959-ல் மறுபடியும் எழுந்தது.

ஆனால், மறைந்திருந்த எல்லோரும் வெளியே வந்துவிடவில்லை. இகிட்சுகித் தீவில் பல குடும்பங்கள் ரோமாபுரிச் சபையில் சேர மறுத்துவிட்டன. முன்னோர் உயிரைப் பணயம் வைத்துக் கொடுத்துப் போன முறையை இப்போது பிழை என்று சொல்லித் திருத்திக் கொள்வதா என்பது அவர்கள் கேள்வி. பாதிரியாருக்கு அது திரிந்து போன மதமாகத் தோன்றலாம். அந்த வீட்டு மருமகளுக்கு அது மாமியார் கையால் கொடுத்த சாவி.

அரசாங்கம் அசைக்க முடியாத அந்த முறையைப் பிழைப்பு அசைத்துவிட்டது. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒராஷோ முழுவதையும் நெட்டுருப் போட யாருக்குப் பொழுது இருக்கிறது? ஒப்படைக்க வாரிசில்லாமல் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. உக்கிராண அறையிலிருந்த படச்சுருள்களில் சில தீவின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

2018-ல் யுனெஸ்கோ, நாகசாகிப் பகுதியின் மறைவுக் கிறிஸ்தவர் தலங்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. தீவுக்கு எதிரே நாக்காயெனோஷிமா என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. 1622-ல் கிறிஸ்தவர்கள் வெட்டுண்ட இடம் அது. ஞானஸ்நானத் தண்ணீரை அந்தப் பாறைக் கசிவிலிருந்துதான் எடுப்பார்கள். அந்தத் திட்டு பட்டியலில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இகிட்சுகி வீடுகள் இல்லை.