டீச்சர் வீட்டு அடுக்களையில் யார் யார்?

மக்களே, பள்ளிக்கூடம் திறந்தாச்சு. ஜூன் மாதம் என்றால் சென்னைப் பிள்ளைகளும் மதுரைப் பிள்ளைகளும் வெயிலில் வேர்த்து வடியப் பள்ளிக்குப் போவார்கள். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்குக் குடை வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 1 என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. கேரளத்தை ஒட்டியிருக்கும் நமக்கும் அந்த மழையில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது 2024-இல் ஜூன் 10, 2025-இல் ஜூன் 2. ஆக, இடவப்பாதி என்று நாம் சொல்லும் இந்தப் பருவமழையும் புதுப் புத்தகமும் நமக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேருகின்றன.

அந்த நாட்களில் உங்கள் டீச்சர் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்ததுண்டா? சாக்பீஸ் பிடிக்கிற கை, அதற்கு முன்னால் கரண்டி பிடித்துவிட்டுத்தான் வருகிறது. நான் அறிவியல் டீச்சர். எட்டரை மணிப் பஸ்ஸை விட்டால் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. அதற்குள் காலைப் பலகாரம், மத்தியானத்துக்குச் சோறு, கூட்டான், துவரன் எல்லாம் ஆக வேண்டும். லீவு நாளெல்லாம் ஆற அமர நடந்த அடுக்களை ஒரே நாளில் ஓடத் தொடங்கிவிடும். இந்த ஓட்டத்தில் என்னோடு கூட வேறு சிலரும் வேலை செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள். அவர்களில் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். சிலரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறேன். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் தோசை மாவு. மே மாதம் ராத்திரி கரைத்து வைத்தால், விடியும்போது பானை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மழை பிடித்ததும் அதே அரிசி, அதே உளுந்து, அதே பானைதான். காலையில் திறந்தால் வைத்த மட்டத்திலிருந்து ஒரு விரல்கூட ஏறியிருக்காது. ஊரில் பாதி வீடுகளில் அன்றைக்கு உப்புமாதான்.

மாவைப் பொங்கவைப்பவர் யார்? ரொட்டி மாவை உப்பவைப்பது ஈஸ்ட் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். தோசை மாவின் கதை வேறு. 1965-இல் முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் இட்லி மாவை ஆராய்ந்தார்கள். அதில் முக்கியமான வேலையைச் செய்வது லியூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். மாவில் இருக்கும் சர்க்கரையை அது தின்று, லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியே விடுகிறது. அமிலம் மாவைப் புளிக்கவைக்கிறது, வாயு பொங்கவைக்கிறது. நேரம் போகப் போக வேறு பாக்டீரியாக்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. ஈஸ்ட்டின் துணையில்லாமல் ஒரு லாக்டிக் அமில பாக்டீரியாவே மாவைப் பொங்கவைக்கிறது என்பதற்கு, தங்களுக்குத் தெரிந்தவரை இதுதான் முதல் பதிவு என்று அவர்கள் எழுதினார்கள். நம் ஆச்சிமார் காலங்காலமாக ஆட்டுக்கல்லில் ஆட்டி எடுத்த மாவுக்குள் இப்படி ஓர் அதிசயம் இருந்திருக்கிறது! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்காது.

இந்தப் பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? நாம் தனியாக எதையும் போடுவதில்லையே! தானியத்தோடு, முக்கியமாக உளுந்தோடு, அது ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊறப் போட்ட நேரத்திலிருந்தே பெருகத் தொடங்குகிறது. உளுந்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அரைத்த உளுந்தைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுவென்று இழுபடும். அந்த வழுவழுப்புத்தான் வாயுக் குமிழிகளைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் புளிக்கும். ஆனால் பொங்கி நிற்காது.

இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்தது இளஞ்சூடு. மழைக்காலத்து ராத்திரியில் அதன் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் மெதுவாகிவிடுகின்றன. வேலை நிற்பதில்லை, நேரம்தான் கூடுதலாக வேண்டும். அதனால் ஜூன் மாதம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மாவை ஆட்டிவிடுவேன். கடைசியில் ஊற்றும் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக ஊற்றுவேன். பானையை ஜன்னலோரம் வைக்காமல், ராத்திரிச் சமையல் முடிந்த அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைப்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பாயும் பக்கத்து ஊர்களில் இருக்கிறவர்களுக்கு ஜன்னலோரப் பானை எப்படி ஏமாற்றும் என்று சொல்லவே வேண்டாம்.

இனி, உள்ளே விடக்கூடாதவர்கள். காலை எட்டு மணிக்கு டப்பாவில் சோறு அடைக்கிறோம். மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கிறோம். இடையில் ஐந்து மணி நேரம். உணவைக் கெடுக்கும் பாக்டீரியா சில, நல்ல சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஐந்து மணி நேரத்தில் 20 நிமிடம் 15 முறை வருகிறது. நோட்டை எடுத்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். பதினைந்தாவது முறையில் வருவது 32,768. ஒன்றே ஒன்றிலிருந்து இத்தனை!

5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் இவை பெருகுகின்றன. கொதிக்கக் கொதிக்க இருக்கும் சோற்றில் பெருக முடியாது. ஆனால் டப்பாவில் அடைத்த சோறு ஒரு மணி வரை கொதித்துக்கொண்டா இருக்கும்? மெல்ல மெல்ல ஆறி, இளஞ்சூட்டிலேயே வெகுநேரம் கிடக்கும். அதோடு, ஆவி பறக்கும் சோற்றை அப்படியே மூடினால், மூடியின் அடிப்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோர்த்துச் சோற்றில் சொட்டும். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அதனால் சோற்றைச் சுத்தமான தட்டில் பரத்தி, ஆவி அடங்கிய பிறகு அடைப்பேன். இந்தச் சில நிமிடங்களுக்காகவே அடுப்பைக் கொஞ்சம் முன்னால் பற்றவைக்கிறேன்.

சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. பள்ளியிலேயே சமைத்துச் சூடாகப் பரிமாறுவதால் அந்த ஐந்து மணி நேரக் காத்திருப்பு அங்கே கிடையாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் அப்படித்தான், பிள்ளைகளுக்குச் சூடான காலைச் சாப்பாடு கிடைக்கிறது.

டப்பாவில் என்ன கூட்டான் வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பச்சைத் தேங்காய் அரைத்த சட்னியை வைத்தால் மத்தியானம் நாற்றமடித்துவிடும். பச்சைத் தேங்காயின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சத்தும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. அரைக்கும்போது அது பொடிப்பொடியாகி எல்லா இடமும் திறந்துகொள்கிறது. தேங்காய் இல்லாமல் நமக்குச் சமையல் கிடையாது. பிறகு என்ன செய்வது? நாஞ்சில் நாட்டு அடுக்களையில் இதற்கு ஒரு அருமையான பதில் இருக்கிறது: தீயல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் இரண்டு தேங்காய் திருவி, இரும்புச் சட்டியில் போட்டு, சிறுதீயில் வறுப்பேன். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பாடமே நடக்கும். முதலில் சட்டியிலிருந்து ஆவி எழும். கிண்டக் கிண்டத் தேங்காய் வெள்ளையாகவே இருக்கும். கை வலிக்கத் தொடங்கும், நிறம் மட்டும் மாறாது. பிறகு ஆவி குறையும், ஓரங்களில் லேசாகப் பொன்னிறம் தட்டும். அதன்பின் எல்லாம் வேகமாக நடக்கும். பொன்னிறம் செம்மண் நிறமாகி, செம்மண் நிறம் காப்பிக்கொட்டை நிறமாகிவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது வாசலில் கூப்பிட்டால் போகக்கூடாது. திரும்பி வருவதற்குள் கரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு நேரம் வெள்ளையாக இருந்துவிட்டுத் திடீரென்று ஓடுகிறது? தண்ணீர் இருக்கும்வரை, அடுப்பு தரும் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதுவரை தேங்காயின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். ஈரம் வற்றியதும் சூடு கிடுகிடுவென்று ஏறும். சுமார் 140 டிகிரிக்கு மேல், தேங்காயில் இருக்கும் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் வேகமாக ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் புதுப்புது மணங்களையும் உண்டாக்குகின்றன. பிரான்ஸ் நாட்டு லூயி கமில் மையார் 1912-இல் இதை விளக்கி எழுதியதால் இதற்கு மையார் வினை என்று பெயர். தோசையின் முறுகல் ஓரத்திலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் நடப்பது இதுதான்.

வறுத்த தேங்காயோடு கொத்துமல்லியும் வற்றல் மிளகாயும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைத்தால், எண்ணெய் கசிந்து மை போல ஆகிவிடும். ஈரம் இல்லாததால் பாக்டீரியா அதில் வேர்விட முடியாது. உலர்ந்த பாட்டிலில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரம் முழுவதும் எனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஈரக் கரண்டியை உள்ளே விடக்கூடாது. காலையில் உள்ளியை வதக்கி, புளி கரைத்து ஊற்றி, இந்த அரைப்பிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளித் தீயல் ஆயிற்று. புளியில் டார்டாரிக் அமிலம் நிறைய இருக்கிறது. புளிப்பான இடத்தில் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவும் திணறும். அதனால்தான் டப்பாவில் அவியல் கெட்டுப்போகிற மத்தியானத்திலும் தீயல் மணத்தோடு இருக்கிறது.

மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளுக்கு ஜூன் ஒரு சோதனை. நம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகக் கொடுக்கும் அவகாசம் அது. சின்னமுட்டத்தில் ஒரு தடை முடியும் முன்பே குளச்சலில் இன்னொன்று தொடங்கிவிடுகிறது. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகுகள் கரையில்தான். நாட்டுப்படகில் வரும் மீனுக்கு விலை ஏறிவிடும். அப்போது அடுக்களையில் கருவாடு வந்து உட்காரும். உப்பு, மீனின் உடலிலிருந்தும் அதிலுள்ள நுண்ணுயிர்களின் உடலிலிருந்தும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. மிச்ச ஈரத்தை வெயில் எடுத்துக்கொள்கிறது. வறுத்த தேங்காயைக் காப்பாற்றிய அதே ஈரமின்மைதான் கருவாட்டையும் காப்பாற்றுகிறது. மழைக்காலத்தில் கருவாட்டுப் பானையைத் திறந்து வைத்தால், காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு மறுபடி இழுத்துக்கொள்ளும். பிறகு பூஞ்சை பிடித்துவிடும்.

மீந்த சோறு பற்றியும் சொல்ல வேண்டும். சோறு வெந்த பிறகும் அதில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சில உயிரோடு இருக்கலாம். கொதிக்கும் நீர்கூட அவற்றை அழிப்பதில்லை. மீந்த சோற்றை அறைச் சூட்டில் சும்மா போட்டு வைத்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். அவற்றில் சில உண்டாக்கும் நஞ்சு, சோற்றை மறுபடி சுட வைத்தாலும் போகாது. மத்தியானம் மீந்ததைச் சாயங்காலம் சுடவைத்துத் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். ராத்திரிச் சோறு மீந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிப் பழஞ்சி ஆக்குவது நம் வழக்கம். அங்கே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையை ஏற்றுக்கொண்டு சோற்றைப் புளிக்கவைக்கின்றன. விடிந்ததும் மோரும் உள்ளியும் காந்தாரி மிளகாயும் சேர்த்துக் குடித்துவிட வேண்டும். நாற்றமோ பிசுபிசுப்போ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் மாவு கரைக்கும் அன்றைக்கு ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாதி அளவு மாவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்டு போடுங்கள். ஒன்றை அடுப்புக்குப் பக்கத்திலும் மற்றதை ஜன்னலோரத்திலும் தட்டு மூடி வையுங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அம்மாவையோ அப்பாவையோ வைக்கச் சொல்லுங்கள். காலையில் ரப்பர் பேண்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

வேலியில் சங்குப்பூ இருந்தால் ஐந்தாறு நீலப் பூவைச் சுடுநீரில் போட்டு வையுங்கள். நீலச் சாறு கிடைக்கும். ஒரு கிண்ணத்தில் புளித் தண்ணீரும் இன்னொன்றில் சோப்புத் தண்ணீரும் எடுத்து, சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். புளியில் அது செவ்வூதாவாகும், சோப்பில் பச்சைப் பக்கம் திரும்பும். பிறகு, கரைத்தவுடன் எடுத்த மாவிலும் விடிந்தபின் எடுத்த மாவிலும் விட்டுப் பாருங்கள். மாவில் மாற்றம் புளியில் வந்ததுபோலப் பளிச்சென்று இருக்காது, உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு நிறத்தையும் நோட்டில் வரைந்து, அன்றைக்கு ராத்திரி மழை பெய்ததா இல்லையா என்பதையும் தேதியோடு எழுதிக் கொண்டுவாருங்கள். தோவாளைப் பிள்ளையின் நோட்டையும் குளச்சல் பிள்ளையின் நோட்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.