ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு நாள் ட்ரிப்: யுனிவர்சிட்டியின் வாசல் எங்கே இருக்கிறது?

ஆபீஸ் வேலையாக லண்டன் போகிறவர்களின் பிளானில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு என்று ஒரு சனிக்கிழமை இருக்கும். ரயிலில் ஒரு மணி நேரம்தானே, யுனிவர்சிட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. ஸ்டேஷனில் இறங்கி, "யுனிவர்சிட்டிக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே திசையில் கைகாட்ட யாராலும் முடியாது.

ஏன் அப்படி?

நம்மூர் போல பெரிய ஆர்ச், செக்யூரிட்டி, உள்ளே நீளும் சாலை என ஒரே கேம்பஸ் அங்கே கிடையாது. 1096-லேயே அந்த ஊரில் பாடம் நடந்திருக்கிறது. அதன் பிறகு கல்லூரிகள் ஒவ்வொன்றாக ஊருக்குள்ளேயே முளைத்தன. இன்று 40-ஐ ஒட்டிய கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனிப் பார்வை நேரம். பலவற்றில் கட்டணமும் உண்டு.

கல்லூரிகளையும் நூலகங்களையும் சுற்றிப் பார்த்த பிறகும் 'பல்கலைக்கழகம் எங்கே?' என்று கேட்கும் ஒரு பயணியை, ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் கில்பர்ட் ரைல் 1949-ல் வெளியான தன் நூலில் உதாரணமாகவே காட்டியிருக்கிறார்.

எப்போது போகலாம்?

கல்லூரிகள் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடங்கள். அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களில் தொடங்கும் மூன்று டேர்ம்களும் தலா எட்டு வாரம். தேர்வு நடக்கும் மே, ஜூனில் சில வாசல்கள் பார்வையாளர்களுக்குத் திறக்காமல் போகலாம். பட்டமளிப்பு நாட்களில் ஷெல்டோனியன் அரங்கத்துக்குள் போக முடியாது. பெரும்பாலும் அது சனிக்கிழமையாகத்தான் இருக்கும். அதனால் ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்பே, பார்க்க நினைக்கும் இடத்தின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

எதற்கு முன்பதிவு?

ஹாரி பாட்டர் ரசிகர்கள் முதலில் தேடுவது கிறைஸ்ட் சர்ச் கல்லூரி. படத்தில் வரும் படிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. 1602-ல் திறக்கப்பட்ட போட்லியன் நூலகத்துக்குள் கைடுடன் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுப்பது பாதுகாப்பு. இன்ஸ்டாவில் அடிக்கடி வரும் வட்ட வடிவ ராட்கிளிஃப் கேமராவில் மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். டூர் இல்லாமல் போனால், வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பட்ஜெட் இடிக்கிறதா?

1683-ல் தொடங்கிய ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதை ஒட்டியிருக்கும் பிட் ரிவர்ஸ் மூன்றுக்கும் அனுமதி இலவசம். செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்துக்குக் கட்டணம் உண்டு. 127 படி ஏறினால் மொத்த ஊரும் தெரியும். இரவு தங்குவதாக இருந்தால், விடுமுறைக் காலத்தில் சில கல்லூரிகள் மாணவர் அறைகளையே வாடகைக்கு விடுகின்றன.

ஐரோப்பா டூரோடு சேர்த்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும்.

டிக்கெட் கேட்காத ஒரு வாசல்

சென்டரிலிருந்து சுமார் கால் மணி நேரம் நடந்தால் வால்டன் தெரு. அங்கே செயின்ட் செபல்கர்ஸ் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் அங்கேதான் உறங்குகிறார். 1884 முதல் இதே பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1908-ல் மறைந்தார்.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அந்தக் கல்லறையில் எழுதியிருப்பதாக நம்மூர் மேடைகளில் சொல்வார்கள், வாட்ஸ்அப்பிலும் சுற்றும். நேரில் போய்ப் படித்தால் அந்த வரி அங்கே இல்லை. போப்பின் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற செய்திதான் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு, கடல் தாண்டி இருந்த ஒரு வாத்தியாருக்காக இங்கிருந்து பணம் திரட்டி அனுப்பியிருக்கிறார்கள். மேடைகளில் சொல்லப்படும் வரியைவிட இந்த உண்மைக்குக் கனம் அதிகம். கிறைஸ்ட் சர்ச்சில் டிக்கெட் கிடைக்காமல் போனாலும், அந்தச் சனிக்கிழமை வீணாகாது.