நாடி பிடித்த கையில் பென்சில்

ஓய்வு பெற்ற நான்காவது மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் ஈஸிசேரில் தூங்கிக்கொண்டிருந்தார். பேத்தி விட்டுப்போன டிராயிங் நோட்டை எடுத்து, அவருடைய இடது கையை வரைய உட்கார்ந்தேன். என் கண் முதலில் போனது மணிக்கட்டுக்கு மேல் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரத்தக்குழாய்க்கு. ‘பச்சை வென்ஃப்ளான் ஊசி தாராளமாக ஏறும்’ என்றது மனசு. 31 வருட ஸ்டாஃப் நர்ஸ் வேலை ஒரு கையை அப்படித்தான் பார்க்கப் பழக்கியிருக்கிறது. கால் மணி நேரம் போன பிறகுதான் அவருடைய சுண்டுவிரல் உள்பக்கமாக லேசாக வளைந்திருப்பது தெரிந்தது. எழுந்ததும் கேட்டேன். சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டியதாம். “நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான் இருக்கு” என்றார்.

நர்சிங் படித்த காலத்தில் நன்றாக வரைவேன். ரெக்கார்டு நோட்டில் இதயம், சிறுநீரகம்; தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். தோழிகளுக்கும் நானே வரைந்து கொடுப்பேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் இழுத்த கோடெல்லாம் டி.பி.ஆர். சார்ட்டில் காய்ச்சல் ஏறி இறங்கும் கோடுதான்.

பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும்

நோயாளியைப் பார்ப்பது எங்களுக்குச் சும்மா பார்ப்பது இல்லை. உதடு வெளுத்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, டிரிப் இறங்குகிறதா, யூரின் பை எவ்வளவு நிறைந்திருக்கிறது? பார்த்த அடுத்த நொடி கை ஏதாவது செய்தாக வேண்டும். இந்தப் பழக்கம் டூட்டி முடிந்தும் விடாது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எதிரே உட்கார்ந்திருப்பவரின் கால் வீக்கம்தான் கண்ணில் படும்.

வரையும்போது அந்தப் பார்வைக்கு விடுமுறை. ஒடுங்கிய பித்தளைச் சொம்பை வரைந்தால் ஒடுக்கை நிமிர்த்த வேண்டியதில்லை, ஒடுக்கும் படத்தில் வரட்டும். வருடக்கணக்காக அடுத்தவர் உடம்பைக் கவனித்தவர்களுக்கு வரைதல் தரும் பெரிய ஆறுதல் இதுதான் என்று நம்புகிறேன். முதியோர் இல்லப் பணியாளர், சிறப்புப் பள்ளி ஆசிரியர், படுத்த படுக்கையான மாமியாரைப் பல வருடம் பார்த்த மருமகள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். சம்பளம் இல்லாவிட்டாலும் அந்த மருமகள் பார்த்ததும் பராமரிப்புப் பணிதான்.

தூங்கினாலும் தீராத சோர்வு

‘பர்ன் அவுட்’ என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தச் சொல்லை 1974இல் மருத்துவ உலகில் எழுதி வைத்தவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் உழைத்தவர்களிடம் அதைக் கண்டார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் மூன்று அடையாளங்களைச் சொன்னார். உள்ளே எதுவும் மிச்சமில்லாதது போன்ற சோர்வு முதலாவது. எதிரே இருப்பவர் பெயர் மறந்து ‘12ஆம் பெட்’ ஆகிவிடுவது இரண்டாவது. ‘என்ன செய்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம் மூன்றாவது. மூன்றையும் நான் அனுபவித்திருக்கிறேன்.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியல் இதை நோய் என்று சொல்வதில்லை. வேலையால் வரும் நிலை என்றே குறிக்கிறது. இதை ஒவ்வொரு செவிலியரும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் நம் மனபலத்தைத்தான் குறை சொல்லிக்கொள்கிறோம். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் இரவில் 40 கட்டிலுக்கு நான் ஒருத்தி. அந்தக் குறையை எந்த ஓவிய நோட்டும் தீர்க்காது. ஆள் போடாமல் ‘மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வகுப்பெடுப்பது அநியாயம்.

45 நிமிடம் செய்வது

‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். நம் தாம்பரம் சானடோரியம் போன்றதொரு காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வரைவது தன்னைத் தேற்றுவதைக் கண்டு மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேர் 45 நிமிடம் மார்க்கர், களிமண், வெட்டி ஒட்டும் காகிதம் என்று விருப்பப்படி எதையாவது செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் ஹார்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. அதனால் மாத்திரைக்குப் பதில் பென்சில் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கை, கண், கழுத்து

நோயாளிகளைத் தூக்கித் திருப்பிய உடம்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கும். நோட்டை மடியில் வைத்துக் குனியாதீர்கள், பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை முனையில் நெரித்துப் பிடிக்காமல் சற்று மேலே தளர்வாகப் பிடித்துத் தோளிலிருந்து கோடு இழுங்கள். கோலம் போட்ட கைக்கு இது புதிது இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தூரத்து மரத்தைப் பாருங்கள். 2B பென்சில் ஒன்று போதும். வீசிங் உள்ளவர்கள் சாக்பீஸ் தூள், டர்பன்டைன் பக்கம் போக வேண்டாம்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியானால், மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம். விளக்கைச் சுற்றி வளையம், நிறமெல்லாம் மங்கல் என்றால் கண்புரைக்குப் பார்க்க வேண்டும். கை நடுக்கம் என்று போனால் நரம்பியல் மருத்துவரே ஒரு காகிதம் கொடுத்து சுருள்வட்டம் வரையச் சொல்வார். கோட்டின் நடுக்கமும், வரவரச் சிறுத்துப்போகும் எழுத்தும் அவருக்குத் தடயம். திடீரென ஒரு பக்கக் கை தளர்ந்து பென்சில் நழுவினால் காத்திருக்காதீர்கள், உடனே 108.

வார்டு நோட்டுக்குள் வரும்போது

வரையத் தொடங்கிய ஆறாவது வாரம் என் கை ஒரு வார்டுக் கட்டிலை வரைந்தது. ஏழாம் கட்டில். அதில் ஒரு பிள்ளை இருந்தது, வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையின் முகத்தை வரையவில்லை. நோயாளியை அடையாளம் காட்டக் கூடாது என்ற கடமை ஓய்வோடு முடிவதில்லை. அன்று நெடுநேரம் அழுதேன், இரவு நன்றாகத் தூங்கினேன்.

எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். பழைய காட்சிகள் கூப்பிடாமலே வந்து தூக்கத்தைக் கெடுத்தால், இரண்டு வாரம் எதிலும் ஒட்டாமல், பசியில்லாமல் போனால், நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக் கூடாது என்று முதல் வருடம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று யோசிக்காமலே, சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். உறையின் மடிப்பில் நிழல் மட்டும் பாக்கி.