விரிப்பு இருக்கட்டும், அறையைத் துடையுங்கள்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் அந்த வட்டார விடுதிகளில் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கின. அப்படித் தங்கிய ஒருவரின் கட்டிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். தினமும் விரிப்பு மாற்றினால், அவர் ஊர் திரும்புவதற்குள் அது 12 முறை லாண்டரிக்குப் போய் வர வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் 4 முறை போதும். மற்ற காலங்களில் மாமல்லபுரத்துக்கு வருபவர்களில் பலர் சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் காலி செய்த அறையில் அடுத்தவர் நுழையும்முன் எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மாநாட்டுக்கு வருபவர்கள், கல்யாண வீட்டார், குளிர்காலத்தில் ஒத்தவாடைத் தெரு லாட்ஜ்களில் நாள்கணக்கில் தங்கும் வெளிநாட்டுப் பயணிகள் ஆகியோருக்கு, தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் அறையைச் சுத்தம் செய்துதான் தர வேண்டுமா? கோவிட் காலத்துக்குப் பிறகு உலகெங்கும் விடுதிக்காரர்களும் தொழிற்சங்கங்களும் மோதிக்கொள்ளும் கேள்வி இது.

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முயல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 'ரூம் சர்வீஸ் வேண்டாம்' என்று ஒருவர் சொல்லும்போது, அதற்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, துணி மாற்றுவது: விரிப்பு, தலையணை உறை, டவல். இன்னொன்று, இடத்தைச் சுத்தம் செய்வது: குப்பையை எடுப்பது, தரையைப் பெருக்கித் துடைப்பது, குளியலறையைக் கழுவுவது. முதல் வேலை தண்ணீரைத் தின்கிறது. இரண்டாவது பெரும்பாலும் மனித உழைப்பு, ஒன்றிரண்டு வாளித் தண்ணீர், அவ்வளவுதான். செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தைப் பொறுத்தவரை முதல் வேலையைத் துணிந்து குறைக்க வேண்டும், இரண்டாவதை ஒருநாள்கூட விடக்கூடாது என்பதே என் வாதம். சுற்றுச்சூழலின் பெயரைச் சொல்லி இரண்டையும் சேர்த்து நிறுத்துவது சரியல்ல.

தண்ணீரை முதலில் பார்ப்போம். முட்டுக்காட்டுக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடும் நிலம் ஒரு மணல் பட்டை. கிழக்கே கடல், மேற்கே உப்பேறிய பக்கிங்காம் கால்வாய். நடுவில் இருக்கும் மணலுக்கடியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல நீர் நிற்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும். மோட்டார் போட்டு உறிஞ்சி மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலேறும் நிலை வருகிறது. ஒருமுறை கரித்துப்போன கிணறு அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. இந்தக் கரையிலேயே நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னொன்று அதன் பக்கத்தில் வந்தது. ஆனால் அந்த நீர் சென்னையின் தென்பகுதிகளுக்காக எடுக்கப்படுவது. கடலிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் பெற ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் மின்சாரமும் செலவாகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டின் கிராமக் கிணறுகளிலிருந்தும் அன்று டேங்கர் லாரிகள் நகரத்தை நோக்கி ஓடின. பள்ளி விடுமுறையில் உள்ளூர்க் கூட்டம் அலைமோதும் ஏப்ரல், மே மாதங்கள்தான் இங்கே நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும் மாதங்களும். வடகிழக்குப் பருவமழைக்கு அதன்பிறகு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த நிலத்தில் ஒரு விரிப்பின் எடை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவர் தங்கும் அறையில் விரிப்பு, போர்வை உறை, நான்கு தலையணை உறை, குளியல் டவல் இரண்டு, கை டவல் இரண்டு, குளியலறை மிதியடி எல்லாம் சேர்த்தால் நான்கைந்து கிலோ வரும். பெரிய சலவை இயந்திரங்கள் கிலோவுக்கு 15, 20 லிட்டர் தண்ணீர் எடுக்கும். அறைக்குச் சராசரியாக 80 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 அறை நிரம்பிய விடுதியில் ஒரே நாளில் 8,000 லிட்டர். வீட்டில் வாழும் ஒரு மனிதருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் கட்டட விதிகளில் வழக்கமான அளவு. ஆக, 60 பேர் ஒருநாள் குளித்து, சமைத்து, புழங்கும் தண்ணீரை, பெரும்பாலும் அழுக்கே படாத துணி குடித்துவிடுகிறது. சூடாக்கும் எரிபொருளும், டிரையர் மின்சாரமும், சோப்புத்தூள் கலந்து வெளியேறும் கழிவுநீரும் தனி.

'கொடுத்த காசுக்குத் தினமும் புது விரிப்பு கிடைக்க வேண்டாமா?' என்று விருந்தினர் கேட்பார். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே மனிதர் வீட்டில் விரிப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்? மத்திய சுற்றுலா அமைச்சகம் நட்சத்திரத் தகுதி கொடுக்க வைத்திருந்த விதிகளே, ஒன்று, இரண்டு நட்சத்திர விடுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் போதும் என்று இடம் கொடுத்திருந்தன. விருந்தினர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்பதும் முழு உண்மையல்ல. கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிஷியஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க விடுதி ஒன்றில் குளியலறை அட்டையின் வாசகத்தை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்ற பொதுவான வாசகம் இருந்த அறைகளில் சுமார் 35 சதவீதம் பேர் டவலை மறுபடி பயன்படுத்தினார்கள். 'இங்கே தங்கும் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்' என்றபோது 44 சதவீதம். 'இதே அறையில் தங்கியவர்கள்' என்றபோது 49 சதவீதம். நாலு பேர் செய்வதைத் தானும் செய்வது மனித இயல்பு. உபதேசத்தை விட அது வேலை செய்கிறது.

இனி துடைப்பத்துக்கு வருவோம். மலைவாசஸ்தலத்து அறையும் கடலோரத்து அறையும் ஒன்றல்ல. கடலில் கால் நனைத்துவிட்டு வரும் ஒவ்வொருவரும் ஒரு பிடி மணலைக் கொண்டுவருகிறார்கள். அது விரலிடுக்கிலும் துணி மடிப்பிலும் ஒளிந்து வந்து, குளியலறையில்தான் மொத்தமாக இறங்கும். இரண்டு நாள் விட்டால் தரைச் சல்லடையில் தலைமுடியும் சோப்பும் மணலும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, குளித்த தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். உப்புக்காற்று கண்ணாடியில் மெல்லிய திரையாகப் படியும். குழாய்த் தலையிலும் கதவுக் கொண்டியிலும் பச்சை பூக்கும். ஏசி ஓடும் அறையில் ஈரம் சுவர் மூலையில் தங்கி பூஞ்சை வாசம் கிளப்பும். இதோடு நம் பழக்கவழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு வருபவர்கள் பிரியாணிப் பொட்டலம், மீன் வறுவல், குழந்தையின் டயப்பர் எல்லாவற்றையும் அறைக் குப்பைத்தொட்டியில்தான் போடுவார்கள். இரவுக்குள் எறும்பு வரிசை கட்டிவிடும், மறுநாள் கரப்பான். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். பூச்சாடியும் வாளியும் பார்ப்பாரற்றுக் கிடந்தால் அடுத்து வருபவருக்கு டெங்கு. அதனால் இந்தக் கரையில் தினசரிச் சுத்தத்தை ஆடம்பரமாக எண்ண முடியாது. அது சுகாதாரம்.

அந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முழுமையாகாது. தள்ளுவண்டியோடு கதவைத் தட்டி உள்ளே வரும் பெண், விருந்தினர் தங்கியிருக்கும் அறையை அரைமணிக்குள் முடித்துவிடுவார். காலியான அறைக்கு அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு நேரம் ஆகும். கனமான மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் விரிப்பின் மூலையை உள்ளே செருகி, நான்கு மூலைக்கும் அதையே செய்ய வேண்டும். பிறகு முழங்காலிட்டுக் கழிப்பறையின் பின்புறம். அமெரிக்காவில் 50 விடுதிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 100 அறைப் பணியாளர்களுக்கு ஏறக்குறைய 8 காயங்கள் என்று கண்டது. விடுதித் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்தால் அது 5தான். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2022இல், உயர்த்தி இறக்கக்கூடிய கட்டில்களை விடுதிகள் வாங்க வேண்டும் என்று சட்டமே போட்டன. 'அப்படியானால் தினமும் சுத்தம் செய்யாமல் விட்டால் அவர்களுக்கு ஓய்வுதானே' என்று கேட்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. நான்கு நாள் அழுக்கு ஐந்தாம் நாள் ஒரே அறையில் காத்திருக்கும். அன்றைக்கு முடிக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கையோ குறையாது. ஷெரட்டன் பெயரை வைத்திருந்த ஸ்டார்வுட் நிறுவனம் 2009வாக்கில், சுத்தம் வேண்டாம் என்பவருக்கு இரவுக்கு 5 டாலர் கூப்பன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலை கடினமாகி, வேலை நேரமோ குறைந்துபோனது என்று பணியாளர்கள் குரல் எழுப்பினார்கள். ஸ்டார்வுட்டை வாங்கிய மேரியட்டின் தொழிலாளர்கள் 2018இல் 8 நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் புகாரும் அதில் இருந்தது. ஹில்டன் 2021இல், அமெரிக்காவில் ஆடம்பர விடுதிகள் நீங்கலாக மற்றவற்றில், கேட்டால் மட்டும் சுத்தம், இல்லையேல் ஐந்தாம் நாள் என்று மாற்றியது. தினசரிச் சுத்தம் போனால் அறைப் பணியாளர் வேலைகளில் 39 சதவீதம் வரை காணாமல் போகலாம் என்று அந்நாட்டு விடுதித் தொழிற்சங்கம் கணக்கிட்டது. 2023 நவம்பரில் லாஸ் வேகஸ் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தத்தில் தினசரி அறைச் சுத்தம் கட்டாயமாக இடம்பெற்றது.

நம் ஊரில் அப்படிப் பேரம் பேசும் சங்கம் அறைப் பணியாளர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஏஜென்சி மூலம் நாள்கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில், 'இன்றைக்கு ரூம் கம்மி, வர வேண்டாம்' என்ற ஒரு போன் போதும். கரையோர கிராமத்துப் பெண்ணுக்கு அது ஒருநாள் அடுப்பு. ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் குறைக்கிறோம் என்று விடுதி நடத்துபவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. வடமாநிலங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து வேலை வாங்குவதை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் துணி மாற்றுவதை மூன்று நாளுக்கு ஒருமுறையாக்கினாலே அறைக்குப் பத்து நிமிடம் மிஞ்சும், மெத்தை தூக்கும் பாரமும் குறையும். இருக்கும் ஆட்களைக் கொண்டே எல்லா அறையையும் தினமும் துடைக்கலாம். தனிமை வேண்டும், யாரும் உள்ளே வரக் கூடாது என்பவர் கதவில் அட்டை மாட்டிக்கொள்ளட்டும். அது அவர் உரிமை. அதற்காக, சுத்தம் வேண்டும் என்பவர் கவுண்டரில் போய்க் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. கேட்டால்தான் கிடைக்கும் என்றால் நம்மில் பாதிப் பேர் கூச்சத்தில் கேட்க மாட்டோம். வாடகை மட்டும் குறையாது.

விடுதிக் குளியலறையில் தொங்கும் பசுமை அட்டைகள் மீது இப்போதிருக்கும் சந்தேகமும் இங்கிருந்துதான் வருகிறது. பசுமைப் பூச்சு என்று இன்று நாம் சொல்லும் விஷயத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் ஜே வெஸ்டர்வெல்ட். 1986இல் அவர் எழுதியது விடுதி டவல் அட்டைகளைப் பற்றித்தான். டவலைத் துவைக்காமல் மிச்சம் பிடிக்கும் விடுதி, மற்ற விஷயங்களில் பூமியைப் பற்றிக் கவலைப்பட்டதா என்பது அவர் கேள்வி. மிச்சமான தண்ணீரும் பணமும் எங்கே போயின என்று தெரியாதவரை அந்தக் கேள்வி இங்கும் நிற்கும். சலவைக்கூடத்துக்கு ஒரு தனி மீட்டர் வைப்பது பெரிய செலவல்ல. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மாமல்லபுரத்தில் சொந்தக் கடற்கரை விடுதி இருக்கிறது. அரசு நிறுவனம் என்பதால் அது முதலில் தொடங்கலாம். விரிப்பு மூன்று நாளுக்கு ஒருமுறை, டவல் கேட்டால் உடனே, அறை தினமும் துடைக்கப்படும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அறைக்குள் எழுதி வைக்கட்டும். சென்ற மாதம் சலவைக்குப் போன தண்ணீர் இத்தனை லிட்டர், முந்தைய ஆண்டு இதே மாதம் இத்தனை, மிச்சமான தொகையில் அறைப் பணியாளர்களுக்குச் சேர்ந்தது இத்தனை ரூபாய் என்ற மூன்று எண்களை வரவேற்பறைப் பலகையில் மாதாமாதம் எழுதட்டும். ஒத்தவாடைத் தெருவின் பத்து அறை லாட்ஜ்கூட அதைப் பார்த்து ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் வாங்கிவிட முடியும்.