தன்னைத் தானே பழுதுபார்க்கும் இலை

மாணவர்களே, ஒளிச்சேர்க்கை பாடம் உங்களுக்குப் புதிதல்ல. நீர், கரிவளி, சூரிய ஒளி. கிடைப்பது மாவுச்சத்தும் உயிர்வளியும். தேர்வில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரியின் முதல் படியை, அதாவது சூரிய ஒளியால் நீரைப் பிளப்பதை, மலிவாகச் செய்துகாட்ட வேதியியலாளர்கள் இன்னும் போராடுகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? சூரியத் தகடு வெயில் இருக்கும்வரைதான் மின்சாரம் தரும். மாலை மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தால் அவ்வளவுதான். நீரைப் பிளந்து ஹைட்ரஜனைச் சேமித்துவிட்டால் இரவிலும் எரிபொருள் கையில் இருக்கும்.

சிக்கல் உயிர்வளி பக்கம்தான். ஓர் உயிர்வளி மூலக்கூறு உருவாக, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டும். இலையில் இதைச் செய்வது நான்கு மாங்கனீஸ் அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் உள்ள சின்னஞ்சிறு கொத்து. அதைத் தாங்கும் புரதங்களில் ஒன்று கடும் வெயிலில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். இலை என்ன செய்கிறது தெரியுமா? சிதைந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொள்கிறது! உங்கள் பள்ளித் திடலோர மரத்திலும் இப்போது இதுதான் நடக்கிறது.

முனைவர் பட்டம் முடித்தபின், இன்னொருவரின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்பவர்கள் உண்டு. வெளியே அதிகம் தெரியாத இவர்கள்தான் பல சோதனைகளைக் கைப்படச் செய்பவர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பேராசிரியர் டேனியல் நொசெராவிடம் மேத்யூ கானன் அப்படித்தான் இருந்தார். கோபால்ட் உப்பும் பாஸ்பேட்டும் கரைந்த நீரில் மின்முனையை வைத்து மின்னழுத்தம் கொடுத்தார். மின்முனைமீது கரிய படலம் தானாகப் படிந்தது. அதிலிருந்து உயிர்வளிக் குமிழிகள் கிளம்பின. 2008இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். படலத்திலிருந்து கோபால்ட் கரைந்து போனாலும், பாஸ்பேட் இருந்தால் அது மீண்டும் படிந்துவிடும் என்பது பிறகு தெரிந்தது. இலையின் அதே தந்திரம்!

2011இல் நொசெராவின் குழு, சிலிக்கான் சூரியக் கலத்தின் ஒரு பக்கம் இந்தப் படலத்தையும் மறுபக்கம் ஓர் உலோகக் கலவையையும் பூசி, கம்பியே இல்லாமல் நீரில் இறக்கியது. வெளிச்சம் பட்டதும் இரு பக்கமும் குமிழிகள். ‘செயற்கை இலை’ என்று உலகமே பேசியது. ஆனால் ஒளியாற்றலில் 2.5 விழுக்காடுதான் எரிபொருளானது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது மலிவாக இருக்க, செயற்கை இலை கடைக்கு வரவில்லை.

கானன் பின்னர் ஸ்டான்ஃபோர்டில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது, நீங்கள் தேர்வில் எழுதும் வரியில் மிச்சமிருக்கும் வேலையை: கரிவளியை எரிபொருளாக மாற்றுவதை.