அப்பா, அம்மாவுக்கு இல்லாத நோய் குழந்தைக்கு எப்படி வருது? சிக்கிள் செல் அனீமியாவும் மரபணு கணக்கும்

"அப்பா நல்லா இருக்கார், அம்மாவும் நல்லா இருக்காங்க. குழந்தைக்கு மட்டும் ஏன்?" சிக்கிள் செல் அனீமியா எனப்படும் அரிவாள் செல் ரத்த சோகை உறுதியானதும் வீட்டில் எழும் கேள்வி இது. பழி பல நேரம் அம்மா மேலதான் விழும். ஆனால் மரபணு கணக்கு அப்படி இல்லை.

ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுக்களில் ஒன்று 11-வது குரோமோசோமில் இருக்கு. அதில் நமக்கு இரண்டு பிரதிகள்: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டிலுமே ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால், ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சிடும். சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழியும், அதனால்தான் சோகை. வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைச்சா, தாங்க முடியாத வலி. ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு பெரிய விலை!

அப்போ பெற்றோருக்கு ஏன் நோய் இல்லை?

ஒரு பிரதி மாறி, இன்னொன்று சரியாக இருந்தால் அந்தச் சரியான பிரதி சமாளித்துவிடும். இவர்கள் 'கேரியர்'. பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. இருவருமே கேரியர் என்றால், குழந்தைக்கு நோய் வர 25%, கேரியராக இருக்க 50%, இரண்டும் இல்லாமல் பிறக்க 25% வாய்ப்பு. 'ஒரு குழந்தைக்கு வந்துடுச்சு, அடுத்தது தப்பிச்சிடும்' என நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதுசா தொடங்கும்.

இந்த மரபணு ஏன் மறையல?

காரணம் மலேரியா. கேரியர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால் மலேரியா அதிகம் இருந்த ஆப்பிரிக்க, இந்தியப் பகுதிகளில் இது தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. இந்தியாவில் இது முதலில் பதிவானது நம்ம நீலகிரியில்தான், 1952-ல், பழங்குடி மக்களிடையே.

2047-க்குள் இந்த நோயை ஒழிக்கும் இலக்குடன் மத்திய அரசு 2023 ஜூலையில் தனித் திட்டம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை என்பது அதன் இலக்கு. கேரியரா இல்லையா என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிஞ்சிடும். கல்யாணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. தம்பதி இருவரும் கேரியர் என்றால், கர்ப்பத்தின்போதே கருவையும் பரிசோதிக்க முடியும். நோயோடு பிறந்த குழந்தைக்கும் வழி இருக்கு: சீக்கிரம் கண்டுபிடித்தால் தொற்றுகளைத் தடுக்க பென்சிலின், வலி வருவதைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரையை டாக்டர்கள் தருவார்கள்.