கீழிருந்து வரும் நியூட்ரினோவை எண்ணும் முறை

பூமி உருண்டையில் மலாக்காவுக்கு நேர் எதிர்ப்பக்கம் எக்குவடோர் நாடு. அங்கே காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ, சுமார் 12,700 கிலோமீட்டர் பூமியை ஊடுருவி, மலாக்காவின் ஜாசின் செம்பனைத் தோட்டத்து மண்ணிலிருந்து மேலே போய்விடும். நம் தலைக்கு மேல் பிறப்பதோ ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் தரைக்கு வந்துவிடும். எலக்ட்ரான், மியூவான், டாவ் என்ற மூன்று வகைகளுக்குள் நியூட்ரினோ வழியில் மாறுகிறதா என்று அறிய, இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டும்.

முதலில் ஆழத்துக்கு இறங்க வேண்டும். தரைமட்டத்தில், அதே காஸ்மிக் கதிர் மோதலில் பிறக்கும் மியூவான் என்ற துகள் நொடிக்கு ஒன்று நம் உள்ளங்கையைக் கடக்கிறது. அந்த அடைமழையில் நியூட்ரினோவின் தடம் தெரியாது. நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், வட ஆற்காட்டுத் தமிழர் பலர் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார்கள். அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில்தான் 1965இல் டாடா ஆராய்ச்சிக் கழகமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது சிக்கியது. அந்த ஆழத்துக்கு வழி வெட்டிய தொழிலாளர்களை இந்த அறிவியலின் வரலாறு போதிய அளவு நினைப்பதில்லை.

அடுத்தது பெரிய இலக்கு. ஜப்பானின் கமியோகாவில், 1,000 மீட்டர் பாறைக்கு அடியில், சூப்பர் கமியோகண்டே என்ற நியூட்ரினோக் கருவி 1996இல் இயங்கத் தொடங்கியது. 50,000 டன் தூய நீர்; சுற்றிலும் சுமார் 11,000 ஒளியுணர் குழாய்கள். மியூவான் வகை நியூட்ரினோ அணுக்கருவில் மோதினால் மியூவான் பிறக்கும். எலக்ட்ரான் வகை மோதினால் எலக்ட்ரான். நீரில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி அந்தத் துகள் ஓடும்போது, நீல ஒளி கூம்பாக விரிந்து சுவரில் வளையமாக விழும். மியூவான் வளையத்தின் விளிம்பு கூர்மையானது. எலக்ட்ரானுடையது கலங்கலாக இருக்கும். எந்தக் குழாயை ஒளி எப்போது தொட்டது என்பதிலிருந்து துகளின் திசை கிடைக்கும்.

பிறகு எண்ணிக்கை. நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்து நிகழ்வுகளே சிக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் சேர்த்தார்கள். ஆற்றல் மிகுந்த மியூவான் வகையில், கீழிருந்து வந்தவை மேலிருந்து வந்தவற்றில் சுமார் பாதிதான். எலக்ட்ரான் வகை குறையவில்லை. கருவியின் பிழை என்றால் இரண்டும் குறைந்திருக்க வேண்டுமே! காணாமற்போனவை டாவ் வகையாக மாறியிருந்தன. அந்த ஆய்வுக் குழுவின் தக்காக்கி கஜிதா 1998இல் இதை அறிவித்தார். 2015இல் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் ஒரு குறை உண்டு: நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் நீர்த்தொட்டி எளிதில் பிரித்துக் காட்டாது. காந்தமேற்றிய இரும்பில், மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்பது அதைச் சொல்லிவிடும். தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலைக்குள் 50,000 டன் இரும்பை அடுக்கத் திட்டமிட்டது இதற்காகவே. மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நின்றுபோக, அதன் 85 டன் மாதிரி மட்டும் மதுரையில் கட்டப்பட்டது.